பெருவிரலில் தொங்கும் சொப்ரானோ

சொப்ரானோ சாக்ஸபோன் கற்க ஆரம்பித்த மூன்றாவது மாதம், ஒருநாள் காலையில் காப்பி டம்ளரை எடுக்கும்போது வலது பெருவிரலின் அடியில் சுருக்கென்று வலித்தது. முந்தின இரவு இரண்டு மணி நேரம் விடாமல் வாசித்திருந்தேன். வாத்தியத்தோடு பெட்டியில் வந்த கழுத்துப் பட்டை அப்போதும் பிளாஸ்டிக் உறைக்குள்ளேயேதான் கிடந்தது. ஒன்றரைக் கிலோ எடை வராத குழலுக்குப் பட்டை எதற்கு என்று இருந்துவிட்டேன். வலி வந்தபிறகு அதை எடுத்து மாட்டிக்கொண்டேன். பெருவிரல் வலி குறையவில்லை. போதாததற்குக் கழுத்தும் பிடித்துக்கொண்டது. இந்த இரண்டு வலிகளுக்கும் காரணம் தேடிப் போனதில்தான், சின்ன சாக்ஸபோனுக்கு ஒத்துவரும் பட்டையைக் கண்டுபிடிப்பது பெரிய சாக்ஸபோனுக்குக் கண்டுபிடிப்பதைவிடச் சிரமமான வேலை என்று புரிந்தது.

டெனர் வாசிப்பவருக்குப் பட்டை வேண்டுமா என்ற கேள்வியே எழாது. டெனர் மூன்று, மூன்றரைக் கிலோ இருக்கும்; பாரிடோன் ஐந்து கிலோவைத் தாண்டும். பட்டை இல்லாமல் அவற்றைப் பிடித்து நிற்கவே முடியாது. ஆல்டோ ஏறக்குறைய இரண்டரைக் கிலோ. சொப்ரானோ பெரும்பாலும் 1.2 முதல் 1.5 கிலோவுக்குள் அடங்கிவிடும். பட்டை செய்கிறவர்கள் பெரிய வாத்தியங்களை மனத்தில் வைத்தே அகலம், நீளம், மெத்தை எல்லாவற்றையும் தீர்மானிக்கிறார்கள். சந்தையில் அதிகம் விற்பது ஆல்டோவும் டெனரும்தான் என்பதால் அதில் தப்பு சொல்வதற்கில்லை. சொப்ரானோக்காரருக்குக் கிடைப்பதோ இரண்டே வகை: பெட்டியோடு இலவசமாக வரும் மெல்லிய கயிறு, அல்லது ஆல்டோ, டெனர், சொப்ரானோ மூன்றுக்கும் பொருந்தும் என்று அட்டையில் அச்சிட்ட பட்டை. மூன்றுக்கும் பொருந்தும் என்று எழுதியிருந்தால் முதல் இரண்டுக்கும் பொருந்தும் என்றே நான் படித்துக்கொள்கிறேன்.

1814இல் பெல்ஜியத்தின் தினான் ஊரில் பிறந்த அடால்ஃப் சாக்ஸ், 1846இல் பாரிசில் இந்த வாத்தியத்துக்குக் காப்புரிமை வாங்கியபோது, அதைத் தனி வாத்தியமாக இல்லாமல் கீழ் சுருதியிலிருந்து மேல் சுருதிவரை அடுக்கடுக்காகப் போகும் ஒரு குடும்பமாகவே திட்டமிட்டிருந்தார். அந்தக் குடும்பத்தின் மேல்கோடியில் இருப்பவை சொப்ரானினோவும் சொப்ரானோவும். ஆல்டோவும் டெனரும் வளைந்த கழுத்தும் மேல்நோக்கி மடங்கிய வாயுமாக இருக்க, சொப்ரானோ பெரும்பாலும் கிளாரினெட் போல நேர்க்குழலாகவே பிரபலமானது. ஜாஸ் கலைஞர் சிட்னி பெஷே 1920ஐ ஒட்டி லண்டனில் வாங்கியது நேர் சொப்ரானோ. ஜான் கோல்ட்ரேன் 1961இல் வெளிவந்த 'மை ஃபேவரிட் திங்ஸ்' தட்டில் வாசித்ததும் சொப்ரானோதான். அதற்குப் பிறகு இந்த வாத்தியத்தின்மேல் புதிதாக ஒரு தலைமுறைக்கே ஆசை பிறந்தது. குட்டி ஆல்டோ போலத் தோன்றும் வளைந்த சொப்ரானோவும் உண்டு. நார்வேயின் யான் கார்பரெக் கையில் பார்த்தவர்களுக்கு அதன் உருவம் மறக்காது. பட்டை விஷயத்தில் நேர்க்குழலும் வளைந்ததும் வேறு வேறு வாத்தியங்கள் என்றே கொள்ள வேண்டும்.

நேர் சொப்ரானோவைக் கையில் எடுங்கள். இரண்டு கைவிரல்களும் முன்புறச் சாவிகளில் இருக்கின்றன. பின்புறம் இடது பெருவிரல் ஒரு வட்டத்தில் பட்டும் படாமலும் இருந்து ஆக்டேவ் சாவியை இயக்குகிறது. எடையைத் தாங்குவதற்கு மிஞ்சியிருப்பது கீழே வளைந்த உலோகத் தாங்கிக்குள் நுழைந்திருக்கும் வலது பெருவிரல் மட்டும்தான். மேலே உதடும் பல்லும் கொஞ்சம் நிலைநிறுத்துகின்றன. ஆனால் அவற்றின் வேலை ஒலியை உண்டாக்குவது. ஆக, ஒன்றேகால் கிலோ எடை பெருவிரலின் முதல் மூட்டுக்குப் பக்கத்தில் இறங்குகிறது. கிளாரினெட்காரர்கள் இதே நிலையில் இதைவிடக் குறைந்த எடையைத் தாங்குகிறார்கள், சுமார் முக்கால் கிலோ. அவர்களுக்கே பெருவிரல் வலி பழைய விருந்தாளி. கிளாரினெட்டுக்கென்று தனியாகக் கழுத்துப் பட்டைகள் விற்பதற்குக் காரணம் அதுதான். கிளாரினெட்டைவிட அரைக் கிலோ கூடுதலான சொப்ரானோவைப் பட்டை இல்லாமல் வாசிப்பதை வீரம்போல எண்ணும் பழக்கம் எப்படி வந்தது என்று எனக்கு இன்றும் புரியவில்லை. "சின்னதுதானே" என்ற சொல்தான் அதற்கு வேர் என்று நினைக்கிறேன்.

எனவே சொப்ரானோவில் பட்டை கழுத்துக்காக இருப்பது இல்லை; பெருவிரலுக்காக இருக்கிறது. இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் மற்ற கேள்விகளெல்லாம் தாமாக வரிசைக்கு வந்துவிடும். மெத்தை எவ்வளவு தடிமன், தோலா துணியா என்பதையெல்லாம் பிறகு பார்க்கலாம். பட்டையை மாட்டிய பிறகு பெருவிரலிலிருந்து எடை இறங்குகிறதா என்பதுதான் முதலில் பார்க்க வேண்டியது. என் முதல் பட்டை இதில்தான் தோற்றது. அது மிருதுவாகத்தான் இருந்தது. ஆனால் மிக நீளம். நீளத்தைக் கூட்டிக் குறைக்கும் அதன் சரிகட்டியை மேலே கொண்டுபோய் முட்டவிட்ட பிறகும் கொக்கி என் தொப்புளுக்கு நாலு விரல் மேலேயே தொங்கியது. கொக்கியை மாட்டும் வளையம் நேர் சொப்ரானோவில் இருக்க வேண்டிய இடமோ நெஞ்சுக்குழி. நடுவில் தொய்ந்து கிடந்த கயிறு எதையுமே தாங்கவில்லை. நான் என்னை அறியாமல் தலையைக் குனிந்து வாத்தியத்தைக் கொஞ்சம் கீழே இறக்கி, கயிறு விறைக்கும் இடத்துக்குப் போயிருக்கிறேன். கழுத்து வலி அங்கேதான் ஆரம்பம். எடையால் வந்த வலி என்று நினைத்திருந்தது, குனிந்து வாசித்ததால் வந்த வலி.

சாக்ஸபோன் சொல்லித்தரும் எவரும் முதல் வகுப்பிலேயே சொல்லும் பாடம் ஒன்று உண்டு: நிமிர்ந்து நில், நேராகப் பார், மவுத்பீஸ் தானாக வாய்க்கு வரும்வரை பட்டையை ஏற்று, நீ மவுத்பீஸைத் தேடிப் போகாதே. ஆல்டோவில் இது எளிது. சொப்ரானோவில் பட்டையே அந்த உயரத்துக்கு ஏற மறுக்கும். வளைந்த சொப்ரானோவில் சங்கடம் இன்னும் அதிகம். அதன் உடல் குட்டையானது. வளையம் நெஞ்சுக்கு மிக அருகில் வர வேண்டும். ஆல்டோ பட்டையைக் கடைசிவரை சுருக்கினாலும் வளைந்த சொப்ரானோ வயிற்றுக்குமேல் ஏறாது. ஏழெட்டு வயதுப் பிள்ளைகளுக்கு ஆல்டோ பாரம் என்று வளைந்த சொப்ரானோ வாங்கிக் கொடுக்கும் பெற்றோர் இருக்கிறார்கள்; நல்ல யோசனைதான். ஆனால் பட்டையைப் பெரியவர்கள் அளவில் வாங்கிவிட்டால் அந்தக் குழந்தை கூன் போட்டே கற்கும். அமெரிக்காவில் நியோடெக் என்ற பெயரில் விற்கும் மெத்தைப் பட்டைகளில் சிறுவர்க்கான குட்டை அளவு தனியாக வருகிறது. குள்ளமான பெரியவர்களும் சொப்ரானோ வாசிப்பவர்களும் அந்தச் சிறுவர் அளவைத் தயங்காமல் வாங்கலாம். வாங்கும்போது அட்டையில் பார்க்க வேண்டியது அதிகபட்ச நீளத்தை இல்லை, குறைந்தபட்ச நீளத்தை.

கயிறு போகும் கோணமும் ஒன்று இருக்கிறது. ஆல்டோவும் டெனரும் உடலை ஒட்டியே தொங்குவதால் பட்டை அநேகமாகச் செங்குத்தாக மேலே இழுக்கிறது. நேர் சொப்ரானோவை உடலிலிருந்து விலக்கி முன்னால் நீட்டிப் பிடிக்கிறோம். அப்போது கயிறு சாய்வாக ஓடும். அது வாத்தியத்தை மேலே தூக்கும் அளவுக்கு நெஞ்சை நோக்கியும் இழுக்கும். இந்த உள்ளிழுப்பைத் தடுக்கப் பெருவிரல் வாத்தியத்தை வெளியே தள்ள வேண்டியிருக்கும். இதைக் கேட்டதும் ஒரு வலியை விட்டு இன்னொரு வலியா என்று தோன்றும். ஆனால் மேல்நோக்கித் தூக்குவதைவிட வெளிநோக்கித் தள்ளுவது பெருவிரலுக்கு லகுவான வேலை. எடை ஒரே புள்ளியில் விடாமல் குத்திக்கொண்டிருக்காது. பட்டையை வேண்டியதைவிடக் குட்டையாக்கினால்தான் சிக்கல். அது மவுத்பீஸைக் கீழ்நோக்கித் திருப்பிவிடும், ரீட் உதட்டில் படும் இடம் மாறும், சுருதி நகரும். சொப்ரானோவில் சுருதி நிறுத்துவது ஏற்கெனவே கஷ்டம். ஆகையால் இரண்டு விரற்கடை அளவுக்குள்ளேயே மேலும் கீழும் நகர்த்திப் பார்த்து, பெருவிரல் லேசாகவும் மவுத்பீஸின் கோணம் மாறாமலும் இருக்கும் இடத்தைப் பிடிக்க வேண்டும். பட்டை இல்லாமல் ஒரு நீண்ட ஸ்வரம், பட்டையோடு அதே ஸ்வரம் என்று மாறிமாறி ஊதிப் பார்ப்பதே நம்பகமான வழி. ஒலி மாறினால் பட்டை அதிகம் இழுக்கிறது என்று அர்த்தம்.

சில நேர் சொப்ரானோக்களில் கழுத்தைக் கழற்றி மாற்றலாம். யமாஹாவின் ஒய்எஸ்எஸ்-875இஎக்ஸ் மாடலுக்கு நேர்க்கழுத்தும் சற்றே வளைந்த கழுத்தும் சேர்த்தே தருகிறார்கள். வளைந்த கழுத்தைப் பொருத்தினால் குழல் உடலை நோக்கிச் சாய்ந்து தொங்கும். பட்டை தன் வேலையை இன்னும் நன்றாகச் செய்யும். வாத்தியம் வாங்கும் நிலையில் இருப்பவர்கள் இதை ஒரு அலங்காரமாகக் கருதாமல், கையைக் காப்பாற்றும் பாகமாகக் கருத வேண்டும் என்பது என் எண்ணம்.

அகலத்தைப் பற்றி இப்போது பேசலாம். சொப்ரானோவோடு வரும் மெல்லிய கயிற்றுப் பட்டையின் மேல்பகுதி இரண்டு சென்டிமீட்டர் அகலம் இருந்தால் அதிகம். கழுத்தின் பின்புறமும் பக்கங்களிலும் அது படியும் நீளத்தை 15 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், படும் பரப்பு 30 சதுர சென்டிமீட்டர். அதில் 1.3 கிலோ தொங்கினால் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 43 கிராம். டெனர்க்காரர் ஐந்து சென்டிமீட்டர் அகல மெத்தைப் பட்டை போட்டுக்கொள்கிறார், பரப்பு 75 சதுர சென்டிமீட்டர், அதில் 3.5 கிலோ தொங்கினால் 47 கிராம். உடல் படியும் விதம் ஆளுக்கு ஆள் மாறும், இது குத்துமதிப்பான கணக்குதான். ஆனாலும் மெல்லிய கயிற்றில் தொங்கும் சின்ன சொப்ரானோ, அகலப் பட்டையில் தொங்கும் டெனருக்குச் சமமாகத் தோலை அழுத்துகிறது என்பது இதில் தெரிந்துவிடுகிறது. வாத்தியம் சின்னது என்பதால் கயிறும் சின்னதாக இருக்கலாம் என்ற நியாயம் இந்த இடத்தில் உடைகிறது. நாலு சென்டிமீட்டர் அகலம் சொப்ரானோவுக்குப் போதும். அதற்குமேல் அகலம் கூட்டினால் சட்டைக் காலரோடு முட்டிக்கொண்டு மடங்கும். மடங்கிய விளிம்பு கயிற்றைவிட மோசமாக வெட்டும்.

எங்கே படிகிறது என்பதும் அகலத்துக்கு இணையான விஷயம். குனிந்து கழுத்தின் பின்னால் தடவிப் பார்த்தால் தோள்பட்டைக்கு மேலே ஓர் எலும்பு புடைத்துக்கொண்டு கைக்கு அகப்படும். பட்டை நேராக அந்த முடிச்சின் மேல் உட்கார்ந்தால் எவ்வளவு மெத்தை இருந்தாலும் அரை மணியில் எரியத் தொடங்கும். அதற்குச் சற்றுக் கீழே, பக்கத்துத் தசைகளின்மேல் படியுமாறு பட்டையின் மேல்பகுதி வளைவாக வெட்டப்பட்டிருக்க வேண்டும். நேராக வெட்டிய நாடாவைவிட வளைத்து வெட்டிய தோல் பட்டை கழுத்தில் சுகமாக அமர்வதற்குக் காரணம் இதுதான். முன்பக்கத்தில் இன்னொரு தொல்லை: இரண்டு கயிறுகளும் ஆங்கில 'வி' எழுத்துப்போலக் குறுகி வரும்போது கழுத்தின் பக்கங்களையும் தொண்டையையும் நெருக்கும். மூச்சுதான் மூலதனம் என்றிருக்கிற வாத்தியத்தில் இது பெரிய குறை. ஜப்பானியத் தயாரிப்புகள் சிலவற்றில் நெஞ்சுக்கு முன்னால் ஒரு சின்னக் குறுக்குத் தகட்டை வைத்து இரண்டு கயிறுகளையும் அகட்டிவிடுகிறார்கள். பட்டை கழுத்தை விட்டுத் தோள் பக்கம் நகர்கிறது, தொண்டை விடுபடுகிறது. இந்த ஒரு மாற்றத்துக்கு நான் நூறு மெத்தைகளை விட்டுக்கொடுப்பேன். விலைதான் அதிகம். ஆனால் தத்துவம் எளிது. ஆறேழு சென்டிமீட்டர் நீளமுள்ள, இரு முனையிலும் துளையிட்ட மெல்லிய மரத்துண்டு ஒன்றைக் கயிறுகளுக்கு நடுவே கட்டினால் அதே பலனில் பெரும்பகுதி கிடைத்துவிடும்.

பொருள் எது என்பதில் நம் வெயிலுக்கென்று ஒரு தீர்ப்பு இருக்கிறது. நீரில் மூழ்குபவர்களின் உடைக்குப் பயன்படும் நியோப்ரீன் ரப்பர் மெத்தையை வைத்துச் செய்த பட்டைகள் வெளிநாடுகளில் பெரும் ஆதரவு பெற்றவை. அவை இழுபடும், அதனால் எடை குறைந்ததுபோல ஓர் உணர்வு வரும். எடை குறைவதில்லை, சுமை அசையும்போது வரும் அதிர்ச்சிதான் குறைகிறது. டெனருக்கு இது வரப்பிரசாதம். சொப்ரானோவில் எனக்கு இது ஒத்துவரவில்லை. வேகமான பிர்காக்களில் விரல்கள் சாவிகளைத் தட்டும்போதெல்லாம் லேசான குழல் மேலும் கீழும் துள்ளுகிறது. மவுத்பீஸும் வாய்க்குள் துள்ளுகிறது. மேலும் நியோப்ரீன் காற்றை விடாது. மே மாதச் சென்னையில் கால் மணி நேரம் வாசித்தால் கழுத்தின் பின்னால் ஈரத்துணி போட்டதுபோல் ஆகிவிடும். தோல் பட்டை இழுபடாது, மூச்சு விடும், நாளாக நாளாகக் கழுத்தின் வடிவத்துக்குப் படியும். ஆனால் வியர்வையைக் குடித்துக் குடித்து விறைக்கும், சாயம் விட்டு வெள்ளைச் சட்டையில் கோடு போடும். வாரம் ஒருமுறை ஈரத்துணியால் துடைத்து நிழலில் காயவைப்பவர்களுக்குத்தான் தோல். மற்றவர்களுக்குப் பருத்தித் துணி உள்ளுறை வைத்த, இழுபடாத நாடாப் பட்டையைச் சொல்வேன். உறையைக் கழற்றித் துவைத்துவிடலாம். அவசரத்துக்கு ஒரு சின்னத் துண்டை மடித்துக் கழுத்தில் போட்டு அதன்மேல் எந்தப் பட்டையையும் மாட்டலாம். தோளில் துண்டு போடும் ஊரில் அதை யாரும் வித்தியாசமாகப் பார்க்க மாட்டார்கள்.

பெண்களுக்கு இதில் கூடுதலாக ஒரு தொல்லை. பட்டைக்குக் கீழே தாலிச் சங்கிலியோ முறுக்குச் சங்கிலியோ இருந்தால் எடை முழுவதும் அந்தச் சங்கிலியின் கண்ணிகள் வழியாகத் தோலில் பதியும். சங்கிலியைப் பட்டைக்கு வெளியே எடுத்துவிடுவதோ, நடுவில் துணி வைப்பதோ நல்லது. ஒட்டிப்பிரியும் வெல்க்ரோ உள்ள பட்டைகள் பின்னலைப் பிடித்து இழுக்கும், அவற்றைத் தவிர்த்துவிடலாம்.

கொக்கி சின்ன விஷயமாகத் தெரியும். சொப்ரானோவில் அது பெரிய விஷயம். டெனரின் பாரமே அதன் வளையத்தைத் திறந்த கொக்கியில் அழுத்தி வைத்திருக்கும். லேசான சொப்ரானோவை மேல்நோக்கித் தூக்கிப் பிடித்தாலோ, இசைத்தாளின் பக்கத்தைப் புரட்டப் பட்டென்று ஒரு கையை எடுத்தாலோ, வளையம் கொக்கியிலிருந்து எழும்பி நழுவிவிடும். வாசிக்காத கையும் அதே நேரத்தில் விட்டுவிட்டால் தரையில் விழுவது விலையுயர்ந்த பித்தளை. ஆகவே திறந்த கொக்கி வேண்டாம். நாக்கு வைத்து மூடிக்கொள்ளும் கொக்கிதான் வேண்டும். அதிலும் உலோகக் கொக்கி வளையத்தோடு உரசிக் கிணுகிணுக்கும், வருடக்கணக்கில் வளையத்தையே தேய்க்கும், பூச்சைக் கீறும். உலோகத்தின்மேல் பிளாஸ்டிக் பூசியது நல்லது. முழு பிளாஸ்டிக் கொக்கி சத்தம் போடாது. ஆனால் ஒருநாள் சொல்லாமல் முறியும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை வெளிச்சத்தில் பிடித்து வெள்ளைக் கோடு விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். விழுந்திருந்தால் அன்றைக்கே மாற்றிவிடுங்கள். சில சொப்ரானோக்களின் வளையம் மிகச் சிறியது, பருத்த கொக்கி உள்ளேயே போகாது. வாங்கும்முன் வளையத்தின் உள்விட்டத்தை அளந்துகொண்டு போவது வீண் அலைச்சலைத் தவிர்க்கும்.

வளையமே இல்லாத பழைய நேர் சொப்ரானோக்களும் கைமாறிக் கைமாறி வருகின்றன. வாத்தியம் பழுது பார்ப்பவர் ஒருவரிடம் கொடுத்து வளையத்தைப் பற்றவைக்கலாம். பற்றவைக்கும் இடத்தில் பூச்சு கருகும், அதைப் பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான். ஒரு வழியும் இல்லாவிட்டால் பெருவிரல் தாங்கியையாவது கவனியுங்கள். இன்றைய வாத்தியங்கள் பலவற்றில் அதைத் திருகைத் தளர்த்தி நகர்த்தலாம். பெருவிரல் நகர்ந்து, ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் எதிரே வந்து நின்றால் கை முழுவதும் இளகுவதை அப்போதே உணரலாம். தாங்கியின் மேல் ஒரு ரப்பர் உறையை மாட்டினால் உலோகம் எலும்பில் குத்தாது. பட்டை சரியாக இருக்கிறவர்களும் இதைச் செய்ய வேண்டும்.

கழுத்தே வேண்டாம், தோள்களில் மாட்டிக்கொள்ளலாம் என்று ஹார்னஸ் பக்கம் போகிறவர்கள் உண்டு. நம் ஊர்க் கலைஞர்களுக்கு இது புதிய யோசனையே இல்லை. தவில் தோளில் மாட்டிய வாரில் தொங்குகிறது. பறையும் தோளிலிருந்துதான் தொங்குகிறது. மணிக்கணக்கில் ஊர்வலத்தில் நடந்து வாசிக்க வேண்டியிருந்தவர்கள் பாரத்தைக் கழுத்தெலும்பில் ஏற்றாமல் தோளில் ஏற்றிக்கொண்டார்கள். அதே ஊர்வலத்தில் பக்கத்தில் வரும் நாதசுரக் கலைஞர்களுக்கு எந்த வாரும் கிடையாது. அந்த நீண்ட ஆச்சாமரக் குழலை இரண்டு கைகளாலேயே ஏந்தி நடக்கிறார்கள். கைவலியை அவர்கள் பேசிக்கொள்வது குறைவு என்பதால் அது இல்லை என்று ஆகிவிடாது.

ஆனால் ஹார்னஸ் சொப்ரானோவுக்குச் சுலபமாக அமைவதில்லை. தோள்களிலிருந்து இறங்கும் நாடாக்கள் நெஞ்சின் நடுவில் சந்திக்கும் இடமே ஏற்கெனவே கீழே இருக்கும். அதிலிருந்து கொக்கி இன்னும் கீழே தொங்கும். சொப்ரானோ கேட்கும் உயரத்துக்கு அது வருவதே அரிது. பெண்களின் உடலமைப்புக்கென்று வெட்டாத ஹார்னஸ் நெஞ்சில் குறுக்காகப் போய் இறுக்கும். பிரான்சின் பிஜி நிறுவனம் பெண்களுக்கென்று வேறு அமைப்பில் செய்கிறது. ஜெர்மனியின் ஜாஸ்லேப் நிறுவனம் செய்யும் சாக்ஸ்ஹோல்டர் இன்னொரு வழி: தோள்களில் இரண்டு வளைந்த கம்பிகள், வயிற்றில் சாய்ந்து நிற்கும் ஒரு தண்டு, கழுத்தில் எதுவும் இல்லை. கழுத்தில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களுக்கும் ஆல்டோ, டெனர் வாசிப்பவர்களுக்கும் அதைத் தயங்காமல் சொல்வேன். சொப்ரானோ மட்டுமே வாசிப்பவருக்கு, கழுத்தில் வேறு நோய் எதுவும் இல்லாவிட்டால், குட்டையான நல்ல பட்டையே போதும்.

எடையையே குறைத்துவிடலாமே என்ற கேள்விக்கும் வரலாறு உண்டு. 1950ஐ ஒட்டி லண்டனில் கிராஃப்டன் என்ற பெயரில் பிளாஸ்டிக் உடல் கொண்ட ஆல்டோ வந்தது. 1953 மே மாதம் டொரொண்டோவின் மாஸி ஹாலில் சார்லி பார்க்கர் வாசித்தது அந்த வாத்தியத்தைத்தான். உடையும் சுபாவமும் பழுது பார்ப்பதில் உள்ள சிரமமும் சேர்ந்து அது நிலைக்கவில்லை. தாய்லாந்தில் பின்னாளில் விப்ராட்டோ என்ற பெயரில் பாலிகார்பனேட் ஆல்டோ செய்தார்கள். ஒரு கிலோவுக்கும் குறைவு. கழுத்து வலிக்கு அஞ்சி ஆல்டோவை விட்டுச் சொப்ரானோவுக்கு வர நினைப்பவர்கள் இவற்றையும் யோசிக்கலாம். ஏனென்றால், மேலே சொன்னதுபோல, சொப்ரானோவுக்கு மாறினால் கழுத்தின் சுமை பெருவிரலுக்கு இடம் மாறுகிறது, அவ்வளவுதான்.

தரையில் அமர்ந்து வாசிப்பவர்களை யோசித்து மேல்நாட்டுப் பட்டைகள் எதுவுமே செய்யப்பட்டதில்லை. கத்ரி கோபால்நாத் (1949–2019) ஆல்டோ சாக்ஸபோனைக் கர்நாடக இசை மேடைக்குக் கொண்டுவந்து, சம்மணமிட்டு அமர்ந்து வாசித்தார். 1994இல் அவர் வாசித்த 'டூயட்' படம் வந்தபிறகு அந்த ஒலி தெரியாத வீடு தமிழ்நாட்டில் இல்லை என்று ஆயிற்று. அவரைப் பார்த்துச் சாக்ஸபோன் எடுத்தவர்கள் இன்று ஏராளம். மங்களூர்ப் பக்கம் கோயில்களிலும் கல்யாணங்களிலும் அது நாதசுரத்தின் இடத்தில் ஒலிக்கிறது. சம்மணமிடும்போது இடுப்பு சற்றுப் பின்னால் சாய, முதுகு வளைகிறது. நின்று வாசித்தபோது வைத்த நீளம் இப்போது அதிகமாகிவிடுகிறது. வளைந்த வாத்தியமாக இருந்தால் அதன் அடிப்பகுதியைத் தொடையில் லேசாகச் சாய்த்துக்கொள்ளலாம். நேர் சொப்ரானோவுக்கு அந்த வசதி கிடையாது. முன்னால் நீட்டியே பிடிக்க வேண்டும், ஆகையால் பட்டையை நம்பித்தான் ஆக வேண்டும். சாக்ஸ்ஹோல்டரின் வயிற்றுத் தண்டு சம்மணத்தில் மடிந்த வயிற்றில் இடிக்கும். ஒரு மெல்லிய தலையணையைப் பின்பக்கமாக வைத்து இடுப்பை இரண்டு அங்குலம் உயர்த்தினால் முதுகு நிமிர்கிறது. பட்டை தொய்வதும் பாதி குறைகிறது. இது நான் செய்து பார்த்தது.

நல்ல பட்டை கடையில் கிடைக்காவிட்டால் செய்துகொள்ளலாம் என்பதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். பள்ளிக்கூடப் பை தைப்பவரிடம் ஒரு நீளமான நாடாப் பட்டையைக் கொடுத்து, மெத்தைக்குக் கீழே இருபுறமும் சமமாக மடித்துத் தைக்கச் சொன்னால் பத்து சென்டிமீட்டர் குறைத்துவிடலாம். இருபுறமும் சமமாக என்பது முக்கியம். ஒருபக்கம் மட்டும் மடித்தால் மெத்தை கழுத்தின் ஓரத்துக்கு நகர்ந்துவிடும். தோல் பட்டையைச் செருப்புத் தைப்பவர் வெட்டி ரிவெட் அடித்துத் தருவார். முடிச்சுப் போட்டுக் குட்டையாக்குவது மட்டும் வேண்டாம். முடிச்சு காறையெலும்பில் உட்கார்ந்து உறுத்தும். மாற்றிய பட்டையில் வாத்தியத்தை மாட்டும் முன்னால், இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டில் ஒன்றைக் கொக்கியில் தொங்கவிட்டு ஐந்து நிமிடம் ஆட்டிப் பாருங்கள். சொப்ரானோவைவிட அது பாரம். தையல் தாங்கினால் வாத்தியமும் தாங்கும். இவ்வளவும் செய்த பிறகும் பெருவிரலோ மணிக்கட்டோ மரத்துப்போனால், வலி தூக்கத்தில் எழுப்பினால், பட்டையைக் குறை சொல்லிக்கொண்டிருக்காமல் எலும்பு மருத்துவரிடம் போய்விட வேண்டும்.

என் பட்டையில் இப்போது இரண்டு நூல் கட்டியிருக்கிறேன். நின்று வாசிக்கும்போது சரிகட்டி நிற்க வேண்டிய இடத்தில் சிவப்பு. உட்கார்ந்து வாசிக்கும்போது நிற்க வேண்டிய இடத்தில், அதற்கு மூன்று விரற்கடை மேலே, வெள்ளை. நைலான் கயிறு வியர்வையில் வழுக்கும். சரிகட்டி ஒவ்வொரு பாட்டுக்கும் ஒரு நூலிழை இறங்கும். வாசிப்பவருக்கு அது தெரியாது, தலைதான் கொஞ்சம் கொஞ்சமாகக் குனிந்துகொண்டே போகும். கச்சேரியில் முதன்மை உருப்படி முடிந்து தனியாவர்த்தனம் தொடங்கியதும் மிருதங்கத்துக்குத் தாளம் போட்டபடி ஒருமுறை கீழே பார்க்கிறேன். வெள்ளை நூலைவிட்டுச் சரிகட்டி ஒரு விரல் இறங்கியிருக்கும். ஏற்றிவிட்டுக்கொள்ள அந்த நேரம் போதும்.